குருநகர்க் கிணறும் மரபணு ஆய்வும்

டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிட்டுப் பெருகும் என்றே நெடுங்காலம் படிப்பித்தார்கள். ஆனால் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கரையோரங்களில் கைவிட்ட கிணறுகளிலும் எறிந்த பாத்திரங்களிலும் பழுதான வள்ளங்களிலும் தேங்கிய உவர்நீரில் அதன் குடம்பிகள் நெளிந்தன. அந்த நீரின் உப்பு, ஆயிரத்துக்கு 15 பங்கு வரை இருந்தது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சகாக்களோடு 2011இல் இதை வெளியிட்டார்கள்.

உப்பை இந்த நுளம்பு எப்படித் தாங்குகிறது? விடை 2021இல் ‘பிஎம்சி ஜினோமிக்ஸ்’ ஆய்விதழில் வந்தது. உவர்நீர் நுளம்புகளின் ஆர்என்ஏயையும் புரதங்களையும் நன்னீர் நுளம்புகளோடு ஒப்பிட்டதில், புறத்தோலுக்கான மரபணுக்களின் செயற்பாடு மாறியிருந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியும் புறத்தோல் மாறியிருப்பதைக் காட்டியது. குடம்பிகளைக் கொல்லப் போடும் டெமிபொஸ் மருந்தையும் உவர்நீரில் வளர்ந்தவை கூடுதலாகத் தாங்கின. நுளம்பு ஒழிப்புக்கு நன்னீரை மட்டும் தேடினால் போதாது என்பது இதனால் உறுதியானது.

மரபணு ஆய்வில் கலாநிதிப் பட்டம் செய்ய விரும்பும் யாழ்ப்பாண மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். இயந்திரத்தைத் தேடிப் போகுமுன் கேள்வியைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் இருந்த கேள்வி உலகின் பெரிய ஆய்வுகூடங்களின் கண்ணில் படவில்லை. இங்கு இல்லாத கருவிகளுக்குப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கைகொடுத்தார்கள். மாதிரியும் கேள்வியும் நம்மிடம் இருந்ததால்தான் அந்தக் கூட்டு சமமானவர்களின் கூட்டாக அமைந்தது.

அடுத்தது குறிப்பெடுப்பு. மாதிரிக் குழாயில் எதனோல் இருக்கும். பேனா மை அதில் கரைந்துவிடும். எந்த ஊர், எந்தக் கிணறு, எந்தத் திகதி, எவ்வளவு உவர்ப்பு என்று பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே போட வேண்டும். அந்தச் சீட்டு தொலைந்தால், பணம் கொட்டி எடுத்த மரபணு வரிசைத் தரவு எதற்கும் உதவாது.

ஆய்வின் கணினிப் பகுதிக்குப் பெரும் செலவில்லை. டெங்கு நுளம்பான ஈடிஸ் ஈஜிப்தியின் மரபணுத்தொகுதி 2007இல் வெளியாகி, 2018இல் திருத்தமாக மீண்டும் வந்தது. ஏறத்தாழ 130 கோடி எழுத்துகள். யாரும் இலவசமாக இறக்கலாம். லினக்ஸ், ஆர், பைதன் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். விலங்கியல் மாணவர் புள்ளிவிபரவியலை முதல் வருடத்திலேயே ஊன்றிப் படிக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணினி அறிவியல் துறையும் விலங்கியல் துறை உள்ள அதே விஞ்ஞான பீடத்தில்தான் இருக்கிறது. தரவு கைக்கு வருமுன்னரே அங்கு போய்க் கதைக்கலாம்.