ரோபோவுக்கு ஜாயின்டைக் காட்டிக்கொடுப்பது எப்படி?

ரோபோ வெல்டிங்கில் வேலைக்குச் சேரும் பையன்கள் முதலில் ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்கும் கைக்கருவியான டீச் பெண்டன்ட்டின் பட்டன்களைக் கற்றுக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் எக்ஸ்கவேட்டர் பூம், டிரெய்லர் சேஸிஸ் போன்ற பெரிய ஜாப்களில் சூப்பர்வைசர் தேடும் ஆள் வேறு. ரோபோ எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே கிராக்கி.

ரோபோ சொன்ன இடத்துக்கு அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். ஜாப் அப்படி வராது. கேஸ் கட்டிங்கில் கொஞ்சம், பெண்டிங்கில் கொஞ்சம், டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) போடும்போது இழுத்தது கொஞ்சம் என்று சேர்ந்து ஜாயின்ட் மூன்று நாலு மி.மீ. தள்ளி நிற்கும். விலகல் வயரின் விட்டத்தில் பாதிக்குள் இருந்தால்தான் வெல்டை நம்பலாம் என்பது பொதுவான கணக்கு. 1.2 மி.மீ. வயருக்கு அது வெறும் 0.6 மி.மீ. கையால் வெல்டு அடிப்பவர் கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடுவார். ரோபோவுக்கு அதற்கான வழிதான் டச் சென்சிங்.

ஆர்க் அடிப்பதற்கு முன் வயரில் மின்னழுத்தம் கொடுத்து, டார்ச்சை மெதுவாக ஜாப்பை நோக்கி நகர்த்துவார்கள். வயர் இரும்பில் பட்டதும் சர்க்யூட் முழுமையாகும். அந்தப் புள்ளியை கன்ட்ரோலர் குறித்துக்கொள்ளும். பாதை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஜாப்பில் ஏற்கெனவே பதிந்த புள்ளியிலிருந்து எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டு, வெல்ட் பாதையை அந்த அளவுக்கு நகர்த்தும். ஒரு ஃபில்லட் ஜாயின்டுக்குக் கீழ்த் தகட்டை மேலிருந்து ஒரு முறை, நிற்கும் தகட்டைப் பக்கவாட்டில் ஒரு முறை தொட்டால் மூலை கிடைத்துவிடும். நீளவாக்கிலும் ஜாப் தள்ளும் என்றால் முனையில் மூன்றாவது தொடுதல். ஜாப் திரும்பி உட்காரும் என்றால் அதே தகட்டை இரண்டு இடத்தில் தொட்டுக் கோணத்தையும் எடுக்க வேண்டும்.

தொடுதலின் வரிசை முக்கியம். முதல் தொடுதலில் கிடைத்த விலகலை அடுத்த தேடலுக்கும் கொடுங்கள். கீழ்த் தகடு 5 மி.மீ. உயர்ந்திருப்பது தெரியாமல் பக்கத் தகட்டைத் தேடப் போனால், வயர் கீழ்த் தகட்டிலேயே உரசி வளையும். தொடும் இடத்தில் டேக், ஸ்பேட்டர், கேஸ் கட்டிங் கசடு எதுவும் இருக்கக் கூடாது. பெண்ட் ஆன தகட்டில் வளைவைவிட்டுத் தள்ளித் தொடுங்கள். பெயின்ட், துரு, கனமான மில் ஸ்கேல் இருந்தால் வயர் பட்டாலும் சர்க்யூட் முழுமையாகாது. ரோபோ தொடர்ந்து தள்ளும். அங்கே மட்டும் கிரைண்டர் பிடித்தால் போதும். தேடும் தூரத்தை வேண்டுமளவுக்கு மட்டும் வையுங்கள். தாராளமாக வைத்தால் கிளாம்ப்பைத் தொட்டுவிட்டு ஜாயின்ட் கிடைத்தது என்று ரோபோ சந்தோஷமாகக் கிளம்பும். அதைப் பிடிக்க, விலகல் இவ்வளவுக்கு மேல் போனால் நின்றுவிடு என்று ஒரு வரம்பும் ப்ரோகிராமில் இருக்கட்டும்.

அடிக்கடி கோட்டைவிடுவது வயரில்தான். கான்டாக்ட் டிப்பிலிருந்து வயர் 15 மி.மீ. நீண்டிருக்கும்போது மாஸ்டர் எடுத்துவிட்டு, இன்றைக்கு 17 மி.மீ. நீட்டித் தொட்டால், அந்த 2 மி.மீ. அப்படியே பாதையில் ஏறும். ஒவ்வொரு தேடலுக்கும் முன்னால் வயரைக் கட்டரில் வெட்டுங்கள். டார்ச் திரும்பும்போது கேபிள் வளைந்து வயர் உள்ளே வெளியே நழுவாமல் பிடித்துவைக்க வயர் பிரேக் வேண்டும். மாஸ்டர் தொடுதலையும் வெல்ட் புள்ளிகளையும் ஒரே ஜாப்பில், அதை அசைக்காமல், ஒரே உட்காரலில் எடுத்துவிடுங்கள். டீக்குப் போய்விட்டு வந்து வேறு ஜாப்பில் பாதி சொல்லிக்கொடுத்தால், எல்லாப் பீஸிலும் ஒரே அளவு தப்பு வரும். காரணம் தேடியே ஷிஃப்ட் முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. மெல்லிய தகட்டின் லேப் ஜாயின்டில் வயருக்குத் தொட விளிம்பு போதாது; அங்கே லேசர் சென்சார்தான். தகடுகளுக்கு நடுவே எவ்வளவு கேப் என்றும் தொடுதல் சொல்லாது. வெல்டு ஓடும்போது சூட்டில் ஜாப் முறுக்கிக்கொண்டால் அதுவும் தெரியாது. தடித்த தகட்டில் வீவிங் செய்துகொண்டே கரண்ட் ஏற்ற இறக்கத்தை வைத்து ஜாயின்டைப் பின்தொடரும் ஆர்க் டிராக்கிங்கை அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். தொடுதல் ஆரம்பத்தைப் பிடிக்கும், டிராக்கிங் வழியைப் பிடிக்கும். நேரத்தையும் பாருங்கள்: ஒரு தொடுதலுக்கு 4 விநாடி என்று வைத்தால், 20 தொடுதலுக்கு 80 விநாடி போயிற்று. ஃபிக்ஸ்சரைச் சரிசெய்தால் அதில் பாதியைத் தூக்கிவிடலாம் என்றால், அதை முதலில் சொல்லுங்கள். மேனேஜர்கள் காது கொடுத்துக் கேட்கும் பேச்சு அது.

ஓராண்டு வெல்டர் ட்ரேடு முடித்தவர்களுக்கு இதில் நல்ல சாதகம். தகடு எங்கே இழுக்கும் என்பது கைக்கே தெரியும்; பெண்டன்ட்டைச் சில வாரங்களில் பழகிவிடலாம். மறுபக்கம், ரோபோட்டிக்ஸ் பிரிவில் படித்து வருபவர்கள் கையில் டார்ச் பிடித்து ஒரு மாதமாவது வெல்டு அடித்துப் பார்க்கட்டும். இன்டர்வியூவில் டச் எரர் வந்தால் என்ன பார்ப்பாய் என்று கேட்டால், வயர் வளைந்திருக்கிறதா, நீளம் சரியா, எர்த் கிளாம்ப் இறுக்கமா, தொடும் இடம் சுத்தமா, ஜாப் ஃபிக்ஸ்சரில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள். ப்ரோகிராமில் கை வைப்பது அதற்கப்புறம். இன்னொன்று: தேடல் ஓடும்போது வயரில் வோல்டேஜ் இருக்கும். வளைந்திருக்கிறதே என்று வெறும் கையால் நிமிர்த்தப் போகாதீர்கள்.