உப்புக்கு ஜிஎஸ்டி 0%… உப்பு வியாபாரிக்கு எவ்வளவு?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் போனா உப்பளம்தான். தமிழ்நாடு உப்பு நிறுவனமே அங்கே உப்பு எடுக்குது. "உப்புக்குத்தான் ஜிஎஸ்டி இல்லையே, நமக்கென்ன கவலை?"னு நினைக்கிற வியாபாரிகள் உண்டு. அதில் பாதிதான் சரி.

2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டியின் அடிப்படை இதுதான்: வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது வசூலிக்கிற வரியில் கழிச்சுக்கிட்டு, மீதியை அரசுக்குக் கட்டணும். இதுக்குப் பேர் இன்புட் கிரெடிட்.

உப்பு வரிவிலக்கு பெற்ற பொருள். விற்கும்போது வரியே வசூலிக்கலை. அப்புறம் எதில் கழிப்பீங்க?

ஒரு கணக்கு போடுவோம். உப்பைப் பாக்கெட் போட 1,00,000 ரூபாய்க்கு பிளாஸ்டிக் கவர் வாங்குறீங்க. ஜிஎஸ்டி 18%, அதாவது 18,000 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் வாங்கினா மத்திய அரசுக்கு 9,000, மாநிலத்துக்கு 9,000. வெளிமாநிலத்தில் வாங்கினா மொத்தமும் ஐஜிஎஸ்டி. எப்படி வாங்கினாலும் அந்த 18,000 திரும்ப வராது, உங்க அடக்கவிலையில் ஏறிடும். விலை வைக்கும்போது இதைச் சேர்க்க மறந்தா, லாபத்தில்தான் கை வைக்கும். ஒரு ஆறுதல்: உப்பு ஏத்துற லாரி வாடகைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

அதே உப்பைப் பதிவு எடுத்து ஏற்றுமதி பண்ணினா கதை வேற. ஏற்றுமதி 'பூஜ்ய விகித' விற்பனை. அங்கேயும் வரி 0 தான், ஆனா அந்த 18,000-ஐ ரீஃபண்டாகக் கேட்கலாம். விலக்கு வேற, பூஜ்ய விகிதம் வேற!

அடுத்து, பலர் மாட்டுற இடம். உப்பு மட்டும் வித்தா, எத்தனை லட்சத்துக்கு வித்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனா அதே கடையில் லேபிள் ஒட்டின கருவாட்டுப் பாக்கெட்டும் வைக்கிறீங்கன்னு வைங்க. அதுக்கு 5% வரி. வருஷத்துக்கு உப்பு 38 லட்சம், கருவாடு 3 லட்சம் வித்தா மொத்தம் 41 லட்சம். தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கான வரம்பு 40 லட்சம். அதில் வரிவிலக்கு விற்பனையும் சேரும். அதனால பதிவு கட்டாயம். வரி என்னவோ கருவாட்டுக்கு மட்டும்தான்.

புதுசா ஒரு பொருளைக் கடையில் சேர்க்கும் முன்னாடி, மொத்த விற்பனையை ஒரு தடவை கூட்டிப் பாருங்க. வரம்பைத் தாண்டின 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்கணும்.