குளிராத குளிர்காலம் தரும் பாடம்

பருவகாலச் சரக்கெடுக்கும் வியாபார சகோதரர்களுக்கு நான் வழமையாகச் சொல்லும் உதாரணம் ஐரோப்பாவின் 2019-20 குளிர்காலம். அதன் வெப்பநிலை 1981-2010 சராசரியைவிட 3.4 பாகை செல்சியஸ் அதிகம். புதுவருட அலங்காரத்துக்கு மொஸ்கோ நகருக்குள் செயற்கைப் பனியைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இப்படியான வருடத்தில் வீடுகளைச் சூடாக்கும் செலவு குறையும்; மக்களுக்கு அது இலாபம். ஆனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஓடர் கொடுத்த தடித்த மேலங்கிகள் கடையில் தேங்கும். கழிவு விலைக்குத் தள்ளிய கடைக்காரர் அடுத்த ஓடரைக் குறைப்பார். அங்கு ஆடை தைத்து அனுப்பும் நமது நாட்டையும் அது தொடும்.

ஆகவே, நாட்காட்டியை மட்டும் நம்பி முழு முதலையும் ஒரே தடவையில் போடாதீர்கள். பாதியை முதலில் எடுங்கள். மீதியைக் காலநிலை பார்த்து எடுங்கள். சரக்கு விற்காவிட்டாலும், கொடுத்த செக்கின் திகதிக்கு வங்கியில் பணம் இருந்தாக வேண்டும்.