மூளையில் ஊறுபட்ட சிறார்
செம்பட்டிச் சாலையில் வண்டி மோதித் தலையில் அடியுண்ட சிறுவன் ஒருவன், சில திங்களில் நடக்கின்றான், பேசுகின்றான் எனக் கொள்வோம். பிழைத்தான் என்று மகிழ்வோம். ஆயின் சிகிச்சை அத்துடன் முடிந்ததோ?

இளமூளை எளிதில் தேறும் என்னும் கருத்து, 1930-களில் மார்கரெட் கென்னார்டு அம்மையார் குரங்குகளை ஆராய்ந்தபின் பரவிற்று. பிற்கால ஆராய்ச்சி அதனை முழுதும் ஒப்பவில்லை. திட்டமிடலுக்குரிய முன்மூளை 20 வயது கடந்தும் முதிர்வதால், 5 வயதில் உற்ற ஊறு 12 வயதில் வெளிப்படுதலும் உண்டு. அன்று அவனைச் சோம்பேறி என்று கடிவர். பழைய காயத்தை நினைவார் இலர்.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1954-இல் விபத்தால் கால்கள் செயலற்ற மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு நிலையமும் ஆங்கு எழுந்தது. முன்னது உயிர் காக்கும். பின்னது வாழ்வை மீட்கும். எஞ்சியது பள்ளியின் கடன்: காயத்தைப் பதிவேட்டிற் குறித்து, ஆண்டுதோறும் அவன் கல்வியை உற்றுநோக்கி வருதல்.