பீங்கான் சாடியில் ஆடு மேய்ப்பவர்கள்



நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டினேன். பிரான்ஸ் நாட்டுப் பழைய பீங்கான் சாமான்களின் படங்கள். ஒரு சாடியில் ஆடு மேய்க்கும் பையனும் பெண்ணும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஆடு உண்டு. அதனால் உத்துப் பார்த்தேன். பட்டு உடுப்பு, தொப்பியில் ரிப்பன், காலில் ஒரு பொட்டு மண் இல்லை! ‘இது என்ன கூத்து?’ என்று நினைத்தேன். தேடிப் படித்தால், நிஜமாகவே அது கூத்துதான்!

1745-இல் பாரிஸில், ஃபவார் என்பவர் எழுதிய ஊமை நாடகம் ஒன்று நடந்தது. அதில் வந்த இடையர் காட்சிகளை ஓவியர் பூஷே (1703–1770) வரைந்தார். வின்சென் பீங்கான் ஆலை அவர் படங்களைப் பார்த்துப் பொம்மைகள் செய்தது, சாடிகளிலும் தீட்டியது. 1756-இல் அந்த ஆலை செவ்ர் என்ற ஊருக்கு மாறியது. 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயி அதைத் தமதாக்கிக்கொண்டார்.

இந்தப் படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அர்த்தம் உண்டு:

1. ஆட்டுக்குட்டி – கள்ளங்கபடு இல்லாத மனம்.
2. புல்லாங்குழல் – அன்பு. பையன் பெண்ணுக்கு ஊதச் சொல்லிக்கொடுத்தால், ரெண்டு பேர் மனசும் ஒத்துப்போச்சு என்று பொருள்.
3. பறவைக் கூண்டு – அன்பில் அகப்பட்ட மனம்.
4. பூக்கூடை – இளமை. பூ வாடும், இளமையும் போகும்.

சரி, இதில் இல்லாதது எது? உழைப்பு! வெயில், மழை, ஓநாய் பயம், வரி எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் பிரான்ஸ் பிரபுக்களுக்குப் பல வரிகளிலிருந்து விலக்கு இருந்தது. பாரம் பெரும்பாலும் குடியானவர் தலையில். ஆனால் அரண்மனைக் கட்டுப்பாட்டில் சலித்தவர்களுக்குக் கிராமம் என்றால் கவலையே இல்லாத இடம் என்று ஒரு கனவு. ராணி மேரி அன்டாய்னெட்டுக்காக 1783 முதல் வெர்செய்ல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பொம்மைக் கிராமமே கட்டினார்கள். இன்னொரு இடத்தில் அவருக்காகக் கட்டிய பால்பண்ணைக்கு, செவ்ர் ஆலை 1787–88-இல் பீங்கான் பாத்திரங்கள் செய்தது. மறு வருஷமே, 1789-இல், புரட்சி வெடித்தது.

என் அப்பத்தா கையில் தொரட்டி இருக்கும். காலில் முள் குத்திய தழும்பு இருக்கும். அந்தச் சாடியில் அப்பத்தா மாதிரி ஒருவர்கூட இல்லை.

நண்பர்களே, அழகான படத்தை ரசிப்போம். கூடவே, யாரை வரையாமல் விட்டார்கள் என்றும் கேட்போம்!