கண்ணைச் சுற்றி வீக்கமா?

● இமை ஓரத்தில் சிறு கொப்புளம் போல வருவது கண்கட்டி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால், பொறுக்கும் சூட்டில், தினம் 3, 4 முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள்.

● இமை முழுவதும் சிவந்து வீங்கி வலித்தால், தொற்று திசுக்களில் பரவியிருக்கலாம். பூச்சிக்கடி, கீறல், சைனஸ் போன்றவை காரணமாகலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். எழுதித்தரும் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

● விழி முன்தள்ளுதல், விழியை அசைத்தால் வலி, இரட்டைப் பார்வை, பார்வை மங்கல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தொற்று கண்குழிக்குள் இறங்கினால் பார்வை போகலாம், மூளைக்கும் பரவலாம். குழந்தைகளிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் கூடுதல் கவனம் தேவை.

● கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

● கோட்டக்குப்பத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான். அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள். ஆபத்தின் அறிகுறிகள் இரவில் தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.