கருப்பட்டி போட்டால் கணக்கில் வராதா?

கேள்வி: எனக்கு வயது 46. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.0 என்று வந்திருக்கிறது. "இன்னும் சுகர் வரவில்லை, வாசல் வரைக்கும் வந்துவிட்டது. டீ, காபியில் சீனியைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். நாளைக்கு நாலைந்து டம்ளர் குடிப்பேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். சீனியே இல்லாமல் இரண்டு நாள் குடித்துப் பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை. இப்போது நாட்டுச் சர்க்கரைக்கு மாறியிருக்கிறேன். கருப்பட்டிதான் நல்லது என்கிறார் என் மாமியார். வீட்டில் நாலு பேர். மாதம் ஐந்து கிலோ சீனி வாங்குகிறோம். கணவர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு மட்டும் சீனி போடாத டீ, கூடவே நாலு பிஸ்கட். பத்தாவது படிக்கும் மகனுக்குப் பாலில் சத்துப் பவுடர். டீயை விடாமல் சீனியை விட வழி உண்டா?
- வாசகி, சாத்தூர்

பதில்: முதலில் கருப்பட்டி விவகாரத்தை முடித்துவிடுவோம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சத்துதான். நூறு கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால், வெல்லத்தில் 380-ஐ ஒட்டி வரும். கருப்பட்டியில் இரும்பும் சில தாதுக்களும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளருக்கு விழுகிற அளவில் அது சொற்பம். அந்தச் சொற்ப இரும்பையும் டீயில் இருக்கும் டானின் உடம்பில் முழுசாகச் சேரவிடாது. அதோடு, "இது நல்லதுதானே" என்ற தைரியத்தில் கை ஒரு ஸ்பூன் கூடுதலாக அள்ளிவிடும். மாமியாருக்குக் கருப்பட்டி காபி பிடித்திருந்தால் ருசிக்காகக் குடிக்கட்டும். மருந்து என்று நினைத்து நீங்கள் மாற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த ஐந்து கிலோதான். நாலு பேருக்கும் முப்பது நாளைக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 42 கிராம் வரை வருகிறது. கணவர் டீயில் சீனி சேர்ப்பதில்லை என்பதால் மற்ற மூவரின் பங்கு இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தனியாகச் சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதையும் பாதியாக்கினால், அதாவது 25 கிராம் அளவுக்கு இறக்கினால், இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் அடக்கம். பாலில் இயல்பாக இருக்கும் இனிப்பு சேராது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். நம் வீட்டு ஸ்பூன் என்றைக்குத் தலை தட்டியிருக்கிறது? குவித்து அள்ளினால் ஆறு, ஏழு கிராம் வரும். இரண்டு ஸ்பூன் வீதம் நாலு டம்ளர் என்றால், டீ, காபியிலேயே ஐம்பது கிராமைத் தொட்டுவிடுகிறீர்கள்.

தொண்டையில் இறங்கவில்லை என்கிறீர்களே, அதற்குச் சீனியின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். டீ போடும் விதத்தையும் பாருங்கள். பாலும் தண்ணீரும் தூளும் ஒன்றாகப் பாத்திரத்தில் ஏற்றி, பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பொங்கி வரும்போது இறக்கி, மறுபடி ஏற்றிப் போடுகிற டீயா உங்களுடையது? அப்படிக் கொதித்தால் தூளின் கசப்பும் துவர்ப்பும் முழுக்க இறங்கிவிடும். அந்தத் துவர்ப்பை அமுக்கத்தான் இரண்டாவது ஸ்பூன் தேவைப்படுகிறது. இப்படிச் செய்து பாருங்கள்: தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு அடுப்பைச் சிம்மில் வையுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். தனியாகக் காய்ச்சி வைத்த சூடான பாலை அதில் ஊற்றுங்கள். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும், நாக்கில் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு அடங்கும். தட்டிப் போட்ட ஒரு ஏலக்காய் மணத்தாலேயே இனிப்பை நினைவூட்டும். சுக்கும் மிளகும் நேர்மாறு. அவற்றின் காரம் இனிப்பைக் கேட்கும். சுக்குக் காபியில் அவ்வளவு கருப்பட்டி விழுவதும் அதனால்தான்.

ஃபில்டர் காபிக்கும் இதே கதைதான். காலையில் இறக்கிய டிகாக்‌ஷனைச் சாயங்காலம் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசப்பு ஏறிவிடும். டிகாக்‌ஷனைச் சுடவைக்கக் கூடாது, பாலைத்தான் சுடவைக்க வேண்டும். சிக்கரி அதிகமுள்ள தூள் என்றால், கொஞ்ச நாளைக்குச் சிக்கரி குறைந்த தூளை வாங்கிப் பாருங்கள். தண்ணீர் கலக்காத பாலில் நூறு மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் தன் இனிப்பே இருக்கிறது. சீனி குறையக் குறைய அது நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். இன்னொன்று: சீனியைப் போட்டுக் கலக்காமலே குடிக்கிறவர்கள் பலர். முதல் பாதி சப்பென்று இருக்கும், கடைசி வாய் பாகாக இருக்கும். நாலு ஆற்று ஆற்றிக் குடித்தால் பாதிச் சீனியிலேயே டம்ளர் முழுக்க இனிப்பு சீராகிவிடும்.

இனி குறைக்கிற முறை. ஒரே நாளில் பூஜ்யத்துக்குப் போனதால்தான் இரண்டே நாளில் தோற்றீர்கள். நாக்குக்கு அவகாசம் கொடுங்கள். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கிப் பத்து நாள், பிறகு ஒன்று, பிறகு அரை. ஸ்பூனைக் குவித்து அள்ளாமல் தலை தட்டிப் போடுங்கள். சில வாரங்களில் பழைய அளவு திகட்டும். காலையில் குடிக்கிற முதல் காபியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. அது ரசித்துக் குடிப்பது. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பேச்சுவாக்கில் குடிக்கிறோமே, அங்கே தொடங்குங்கள். அதில் ஒன்றை மோராக்கினால் இன்னும் நல்லது. வெளியே டீக்கடையில் மாஸ்டர் கிளாஸில் சீனி போடும் முன்பே "சீனி கம்மி" என்று சொல்லிவிடுங்கள். விசேஷ வீட்டு கேன் டீயில் சீனி முன்பே கலந்திருக்கும், அங்கே கேட்டுப் பயனில்லை. அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சீனியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெயில் காலத்தில் கவனம் ஜில்லென்ற பானங்களின் மேல் இருக்கட்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். அதனால் ரோஸ்மில்க்கிலும் நன்னாரி சர்பத்திலும் தாராளமாகப் பாகு ஊற்றினால்தான் எடுபடும். ஜில்லிப்பு போன ரோஸ்மில்க்கை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், தெரியும். கோலா வகைகளில் நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றே ஒரு நாள் கணக்கை முடித்துவிடும். ஜூஸ் கடையில் "பாகு வேண்டாம்" என்று சொல்லலாம். அதைவிடப் பழத்தைக் கடித்துத் தின்பது மேல். உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவுக்குத் தடையில்லை, உங்களுக்கு ரத்த அழுத்தம் இல்லையென்றால்.

மகனின் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று நூறு கிராமுக்கு எவ்வளவு என்பது ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். இருபது, முப்பது கிராம் இருந்தால் அந்த டப்பாவில் கால் பங்கு சீனி. இத்தகைய பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பாலும், ஒரு முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ போதும்.

செயற்கை இனிப்பு மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது, ஸ்டீவியாவையும் சேர்த்து. சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உங்கள் விஷயத்தில் என் தயக்கம் வேறு: இனிப்பு கேட்கும் நாக்கு அப்படியே இருந்துவிடும்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. உங்கள் 6.0 அதன் நடுவில் நிற்கிறது. டீயில் சீனியைக் குறைத்தால் மட்டும் அது இறங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இட்லி எண்ணிக்கை, நடை, எடை எல்லாம் சேர்ந்துதான் அதை இறக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கணவர் விஷயம் இரண்டு. நாலு பிஸ்கட்டின் மாவும் சீனியும் டீயில் மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். பதிலுக்குச் சுண்டல் வையுங்கள். சாப்பாட்டு முறையை அதிகம் மாற்றுவதாக இருந்தால் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவைத் திருத்த வேண்டி வரலாம். சீனி டப்பாவை வீட்டை விட்டு அடியோடு வெளியேற்றிவிடவும் வேண்டாம். அவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்து, ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போயிருந்தால், 15 கிராம் சீனியை, அதாவது தலை தட்டி நாலு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேரே 108.